முற்றிய மார்பகப் புற்றுநோயும் இலக்கு நோக்கிய சிகிச்சையும்

க.பொ.த. (சாதாரண தர) விஞ்ஞானம் – உயிரியற் பகுதிக்கான விளக்கக் கட்டுரை



கலப்பிரிவு, ஓமோன்கள், நிர்ப்பீடனம், பரம்பரை ஆகிய அலகுகளை நீங்கள் தனித்தனியே கற்றுள்ளீர்கள். பரீட்சையில் இவை தனித்தனி வினாக்களாக வரலாம். ஆனால் நோயாளி ஒருவரின் உடலில் இவை தனித்தனியே நிகழ்வதில்லை. இந்நான்கு அலகுகளும் ஒன்றுசேரும் இடம் ஒன்றை இக்கட்டுரையில் நோக்குவோம். அதுவே முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கான இலக்கு நோக்கிய சிகிச்சையாகும்.

உங்களுட் சிலருக்கு இது பாடம் மட்டுமன்று. தாய், பெரியம்மா, சித்தி, அயலவர் என யாரேனும் ஒருவர் இந்நோய்க்குச் சிகிச்சை பெறுவதை நீங்கள் கண்டிருக்கக்கூடும். “ஒருவருக்குக் கொடுத்த மருந்தை மற்றவருக்கு ஏன் கொடுக்கவில்லை?” என்ற கேள்வியும் உங்கள் வீட்டில் எழுந்திருக்கக்கூடும். அக்கேள்விக்கான விடையை விளங்கிக்கொள்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

1. புற்றுநோய் என்பது யாது?

எமது உடற்கலங்கள் தேவையான வேளையில் மட்டுமே பிரிவடைகின்றன. காயம் ஒன்று ஏற்பட்டால் அதைச் சூழவுள்ள கலங்கள் இழையுருப்பிரிவு மூலம் பெருகிக் காயத்தை மூடுகின்றன. காயம் மூடியதும் பிரிவு நின்றுவிடுகின்றது. “பிரிவடை” என்னும் கட்டளையும் “நிறுத்து” என்னும் கட்டளையும் கலத்தின் டி.என்.ஏ.யிலுள்ள பரம்பரை அலகுகளின் வழியே பிறக்கின்றன.

இப்பரம்பரை அலகுகளில் விகாரங்கள் ஏற்பட்டு, கட்டுப்பாடின்றிக் கலங்கள் பிரிவடைந்து, அயலிலுள்ள இழையங்களினுள்ளும் புகும் நிலையே புற்றுநோய் எனப்படும். ஒரேயொரு விகாரத்தினால் இது பெரும்பாலும் தோன்றுவதில்லை. பல ஆண்டுகளாகப் பல விகாரங்கள் ஒரே கலவழியில் சேர்வதாலேயே தோன்றுகின்றது. வயது கூடக்கூடப் புற்றுநோய்க்கான வாய்ப்பு அதிகரிப்பதற்கு இது முக்கிய காரணமாகும்.

மார்பகத்திலுள்ள பாற்கான்களிலோ பாற்சுரப்பிப் பகுதிகளிலோ உள்ள மேலணிக் கலங்களில் இது தோன்றும்போது மார்பகப் புற்றுநோய் எனப்படுகின்றது. உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டின்படி 2022ஆம் ஆண்டில் உலகில் ஏறத்தாழ 23 இலட்சம் பெண்களுக்கு இந்நோய் கண்டறியப்பட்டது. அவ்வாண்டில் ஏறத்தாழ 6 இலட்சத்து 70 ஆயிரம் பேர் இதனால் இறந்தனர். இலங்கைப் பெண்களிடையே அதிகமாகக் காணப்படும் புற்றுநோயும் இதுவே. ஆண்களுக்கும் இது ஏற்படலாம். எனினும் மொத்த நோயாளருள் அவர்கள் ஏறத்தாழ 1 சதவீதமோ அதிலும் குறைவோ ஆவர்.

2. “முற்றிய நிலை” என்றால் என்ன?

தொடக்க நிலையில் புற்றுக்கலங்கள் மார்பகத்திலோ அதற்கு அண்மையிலுள்ள அக்குள் நிணநீர்க் கணுக்களிலோ மட்டும் காணப்படும். இந்நிலையில் சத்திரசிகிச்சை மூலம் கட்டியை அகற்றி, தேவைக்கேற்பக் கதிர்ச் சிகிச்சையும் மருந்துகளும் வழங்கி, பெரும்பாலானோரைக் குணப்படுத்த முடியும்.

சில கலங்கள் கட்டியிலிருந்து பிரிந்து, குருதியின் வழியாகவோ நிணநீரின் வழியாகவோ தொலைவிலுள்ள அங்கங்களைச் சென்றடைந்து, அங்கு புதிய கட்டிகளை உண்டாக்கலாம். என்பு, நுரையீரல், ஈரல், மூளை ஆகியன இவ்வாறு பெரிதும் பாதிக்கப்படும் அங்கங்களாகும். இதுவே நான்காம் நிலை ஆகும். முற்றிய மார்பகப் புற்றுநோய் என இக்கட்டுரையில் நாம் குறிப்பிடுவது இந்நிலையையே.

இங்கு மாணவர் பலர் விடும் தவறொன்றுண்டு. மார்பகப் புற்றுநோய் ஈரலுக்குப் பரவினால் அது “ஈரற் புற்றுநோய்” ஆகிவிடாது. ஈரலில் வளர்வன மார்பகத்திலிருந்து சென்ற கலங்களே. எனவே மார்பகப் புற்றுநோய்க்குரிய மருந்துகளே அவற்றுக்கும் வழங்கப்படும்.

கலங்கள் பல இடங்களில் சிதறியிருப்பதனால் கத்தியால் அனைத்தையும் அகற்ற முடியாது. ஆகவே குருதியுடன் கலந்து உடலெங்கும் செல்லக்கூடிய மருந்தே தேவைப்படுகின்றது. முற்றிய நிலையை முழுமையாகக் குணப்படுத்துவது இன்றும் மிக அரிது. நோயைக் கட்டுப்படுத்துவது, ஆயுளை நீடிப்பது, வலியின்றி நாளாந்த வாழ்வைத் தொடரச் செய்வது ஆகியனவே சிகிச்சையின் நோக்கங்களாகும்.

3. பொதுவான இரசாயன சிகிச்சையின் எல்லை

இரசாயன சிகிச்சையிற் பயன்படும் மருந்துகள் பல, விரைவாகப் பிரிவடையும் கலங்களைத் தாக்குகின்றன. டி.என்.ஏ. இரட்டித்தலைத் தடுத்தோ, இழையுருப்பிரிவின்போது கதிர்நார்கள் தொழிற்படுவதைத் தடுத்தோ அவை கலங்களைக் கொல்கின்றன. புற்றுக்கலங்கள் விரைவாகப் பிரிவடைவதால் இறக்கின்றன.

எனினும் உடலில் விரைவாகப் பிரிவடையும் நற்கலங்களும் உள்ளனவல்லவா? பின்வருவனவற்றை அவதானியுங்கள்.

அ. மயிர்ப்புடைப்பிலுள்ள கலங்கள் பாதிக்கப்படுவதால் தலைமயிர் உதிர்கின்றது.
ஆ. உணவுக் கால்வாயின் மேலணிக் கலங்கள் பாதிக்கப்படுவதால் வாய்ப்புண், வயிற்றோட்டம் ஆகியன ஏற்படுகின்றன.
இ. என்பு மச்சையிலுள்ள கலங்கள் பாதிக்கப்படுவதால் வெண்குருதிக் கலங்கள் குறைந்து, தொற்றுநோய்கள் இலகுவில் ஏற்படுகின்றன. செங்குருதிக் கலங்கள் குறைந்து, களைப்பும் உண்டாகின்றது.

வயலில் நெல்லையும் களையையும் வேறுபடுத்தி அறியாத களைகொல்லி ஒன்றைத் தெளிப்பதைப் போன்றது இது. களை அழியும், நெல்லும் வாடும். எனவே மருந்தின் அளவை விரும்பியவாறு கூட்டமுடியாது. தொடக்க நிலையிலுள்ள நோயாளி சில மாதங்களுக்கு இப்பாதிப்பைத் தாங்கினாற் போதும். ஆனால் முற்றிய நிலையிலுள்ளவர் வாழும் காலம் முழுவதும் ஏதேனும் ஒரு சிகிச்சையிலேயே இருக்க வேண்டியவர். அவருக்கு ஆண்டுக்கணக்கில் தாங்கக்கூடிய மருந்து வேண்டும். இலக்கு நோக்கிய சிகிச்சையின் தேவை இங்கேதான் எழுகின்றது.

வரைவிலக்கணம்: புற்றுக்கலத்தின் வளர்ச்சிக்கு இன்றியமையாத குறித்த மூலக்கூறொன்றை அடையாளங்கண்டு, அதன் தொழிற்பாட்டைத் தடுப்பதன் மூலமோ அதனை வழிகாட்டியாகக் கொண்டு கலத்தை அழிப்பதன் மூலமோ மேற்கொள்ளப்படும் சிகிச்சை இலக்கு நோக்கிய சிகிச்சை எனப்படும்.

4. இலக்குகள் எவை?

மார்பகப் புற்றுநோய் என்பது ஒரு பெயர். ஆனால் ஒரே நோயன்று. வெளியிலிருந்து பார்க்கும்போது ஒரேமாதிரித் தோன்றும் இரு கட்டிகள் முற்றிலும் வேறான மூலக்கூறுகளினாற் தூண்டப்படலாம். ஆகவே கட்டியிலிருந்து சிறு இழைய மாதிரியொன்றைப் பெற்று ஆய்வுகூடத்தில் பரிசோதித்த பின்னரே மருந்து தீர்மானிக்கப்படுகின்றது.

4.1 ஓமோன் வாங்கிகள்

1896ஆம் ஆண்டில் ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோ நகரைச் சேர்ந்த ஜோர்ஜ் பீற்சன் என்னும் சத்திரசிகிச்சை வைத்தியர், முற்றிய மார்பகப் புற்றுநோயால் பாதிக்கப்பட்ட பெண்களின் சூலகங்களை அகற்றியபோது கட்டிகள் சுருங்கியதை வெளியிட்டார். அக்காலத்தில் “ஓமோன்” என்னும் சொல்லே வழக்கில் இருக்கவில்லை. அச்சொல் 1905ஆம் ஆண்டிலேயே பயன்பாட்டுக்கு வந்தது. சூலகத்திலிருந்து சுரக்கும் ஈஸ்திரஜன் ஓமோனே அக்கட்டிகளை வளர்த்தது என்பது பின்னரே தெரியவந்தது.

எனினும் இம்முறை எல்லோருக்கும் பயனளிக்கவில்லை. ஏன்? அமெரிக்காவின் சிக்காகோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எல்வூட் ஜென்சன் இதற்கான விடையைத் தந்தார். ஈஸ்திரஜனைப் பற்றிக்கொள்ளும் வாங்கிப் புரதம் சில கலங்களில் உண்டு, சிலவற்றில் இல்லை. வாங்கி உள்ள கலத்துக்கே ஓமோனின் கட்டளை விளங்கும்.

மார்பகப் புற்றுநோயாளருள் ஏறத்தாழ 70 சதவீதத்தினரின் கட்டிகளில் ஓமோன் வாங்கிகள் காணப்படுகின்றன. இவர்களுக்கு இரு வழிகளிற் சிகிச்சையளிக்கலாம்.

முதலாவது, வாங்கியை அடைத்தல். டமொக்சிபென் என்னும் மாத்திரை ஈஸ்திரஜனுக்குப் பதிலாக வாங்கியிற் சென்று அமர்ந்துகொள்கின்றது. இம்மூலக்கூறு 1962ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் கருத்தடை மருந்து தேடும் ஆய்வின்போது தொகுக்கப்பட்டதாகும். கருத்தடை மருந்தாக அது பயன்படவில்லை. ஆனால் 1977ஆம் ஆண்டில் ஐக்கிய அமெரிக்காவில் முற்றிய மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்பட்டது. விலை குறைந்த இம்மாத்திரை இன்றும் உலகெங்கும் பயன்படுகின்றது.

இரண்டாவது, ஓமோனின் உற்பத்தியைத் தடுத்தல். மாதவிடாய் நின்றுவிட்ட பெண்களில் சூலகங்கள் ஓய்வடைந்துவிடுகின்றன. எனினும் கொழுப்பிழையம் போன்ற இடங்களில் அரோமற்றேஸ் என்னும் நொதியத்தின் உதவியுடன் ஈஸ்திரஜன் சிறிதளவு உண்டாகின்றது. லெட்ரசோல், அனஸ்ட்ரசோல் ஆகிய மருந்துகள் இந்நொதியத்தைத் தடுக்கின்றன.

4.2 ஹெர்-2 வாங்கி

கலமென்சவ்விலே ஹெர்-2 என்னும் வாங்கிப் புரதம் உண்டு. “வளர்” என்னும் சைகையை இது கலத்தினுள் அனுப்புகின்றது. இதற்குரிய பரம்பரை அலகு 17ஆம் நிறமூர்த்தத்தில் அமைந்துள்ளது. சாதாரண கலத்தில் இப்பரம்பரை அலகின் 2 பிரதிகள் இருக்கும். சில புற்றுக்கலங்களிலோ இப்பிரதிகள் பல மடங்காகப் பெருகிவிடுகின்றன. அதனால் கலத்தின் மேற்பரப்பில் ஹெர்-2 புரதங்கள் நெருக்கமாக நிறைந்துவிடும். வளர்ச்சிச் சைகையும் இடையறாது செல்லும்.

1987ஆம் ஆண்டில் அமெரிக்க வைத்தியர் டெனிஸ் ஸ்லேமனும் அவரது குழுவினரும் ஹெர்-2 பெருகிய கட்டிகளைக் கொண்ட பெண்களில் நோய் விரைவில் மீண்டும் தோன்றுவதையும் அவர்களது ஆயுள் குறைவதையும் எடுத்துக்காட்டினர். மார்பகப் புற்றுநோயாளருள் 15 முதல் 20 சதவீதத்தினர் இவ்வகையைச் சேர்ந்தவர்கள்.

இப்புரதத்துடன் மட்டும் பொருந்தக்கூடிய பிறபொருளெதிரி ஒன்று ஆய்வுகூடத்தில் உருவாக்கப்பட்டது. அதுவே டிரஸ்டுசுமாப் ஆகும். கிருமிகளுக்கு எதிராக எமது உடல் பிறபொருளெதிரிகளை உண்டாக்குவதை நிர்ப்பீடன அலகிற் கற்றீர்கள். அதே தத்துவமே இங்கும் பயன்படுகின்றது. டிரஸ்டுசுமாப் ஹெர்-2 உடன் இணைந்து வளர்ச்சிச் சைகையைத் தடுக்கின்றது. அத்துடன் அக்கலத்தைத் தாக்கும்படி நிர்ப்பீடனக் கலங்களுக்கும் அடையாளங் காட்டுகின்றது. 1998ஆம் ஆண்டு செப்டெம்பர் மாதத்தில் ஐக்கிய அமெரிக்காவில் இதற்கு அனுமதி கிடைத்தது.

பின்னர் இதே பிறபொருளெதிரியுடன் இரசாயன மருந்தொன்றை இணைத்து, அம்மருந்தைப் புற்றுக்கலத்தினுள்ளேயே கொண்டுசேர்க்கும் முறையும் உருவானது. 2013ஆம் ஆண்டில் அனுமதிக்கப்பட்ட டிரஸ்டுசுமாப் எம்ரான்சின், 2019ஆம் ஆண்டில் அனுமதிக்கப்பட்ட டிரஸ்டுசுமாப் டெரக்ஸ்டிகான் ஆகியன இவ்வகையின. ஹெர்-2 குறைந்தளவிலேயே காணப்படும் முற்றிய நோயாளருக்கும் இவற்றுள் பின்னையது 2022ஆம் ஆண்டில் அனுமதிக்கப்பட்டது.

4.3 கலவட்டத்தின் நொதியங்கள்

கலமொன்று தனது டி.என்.ஏ.யை இரட்டிப்பதற்கு முன்னர் கடக்க வேண்டிய கட்டுப்பாட்டுக் கட்டம் ஒன்றுண்டு. சி.டி.கே.-4, சி.டி.கே.-6 ஆகிய நொதியங்கள் தூண்டப்பட்டாற்றான் கலம் அக்கட்டத்தைத் தாண்டும். ஓமோன் வாங்கியுள்ள புற்றுக்கலங்கள் இந்நொதியங்களைப் பெரிதும் நம்பியிருக்கின்றன. 2015ஆம் ஆண்டில் அனுமதிக்கப்பட்ட பல்போசிக்ளிப் என்னும் மாத்திரை இந்நொதியங்களைத் தடுக்கின்றது. முற்றிய நிலையில் லெட்ரசோல் மட்டும் பெற்றவர்களில் நோய் மீண்டும் முன்னேறும் வரையிலான காலத்தின் இடையம் 14.5 மாதங்களாகவும், இரண்டையும் சேர்த்துப் பெற்றவர்களில் 24.8 மாதங்களாகவும் காணப்பட்டது.

இம்மருந்துக்கு வழிவகுத்த அடிப்படை அறிவு நோயாளர்களிடமிருந்து மட்டும் கிடைத்ததன்று. மதுவத்திலும் கடல்வாழ் உயிரியொன்றின் முட்டைகளிலும் கலவட்டத்தை ஆராய்ந்த லீலண்ட் ஹார்ட்வெல், போல் நர்ஸ், டிம் ஹண்ட் ஆகியோருக்கு 2001ஆம் ஆண்டு மருத்துவத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பட்டது. “மதுவத்தைப் படித்து என்ன பயன்?” என எவரேனும் கேட்டால் இவ்வுதாரணத்தை எடுத்துக்கூறுங்கள்.

4.4 டி.என்.ஏ. திருத்தும் வழிகள்

சேதமடைந்த டி.என்.ஏ.யைத் திருத்துவதற்குக் கலத்தில் பல வழிகள் உள்ளன. பி.ஆர்.சி.ஏ.-1, பி.ஆர்.சி.ஏ.-2 ஆகிய பரம்பரை அலகுகள் அவற்றுள் ஒன்றுக்குத் தேவையானவை. இவற்றில் ஒன்றில் விகாரம் உடையவர் தாயாகவோ தந்தையாகவோ இருப்பின், அது பிள்ளையொருவருக்குக் கடத்தப்படுவதற்கான நிகழ்தகவு 1/2 ஆகும். மார்பகப் புற்றுநோயாளருள் 5 முதல் 10 சதவீதத்தினரிலேயே நோய் இவ்வாறு பரம்பரை விகாரங்களினால் ஏற்படுகின்றது.

பி.ஆர்.சி.ஏ. செயலிழந்த புற்றுக்கலம் பார்ப் என்னும் நொதியம் உதவும் மற்றைய வழியையே நம்பி வாழ்கின்றது. 2018ஆம் ஆண்டில் மார்பகப் புற்றுநோய்க்கு அனுமதிக்கப்பட்ட ஓலபரிப் அந்நொதியத்தைத் தடுக்கின்றது. இரு வழிகளும் அடைபட்டதும் புற்றுக்கலம் இறக்கின்றது. நற்கலத்திலோ பி.ஆர்.சி.ஏ.யின் செம்மையான பிரதி ஒன்று எஞ்சியிருப்பதால் அது பிழைத்துக்கொள்கின்றது.

4.5 மூன்றும் அற்ற வகை

ஈஸ்திரஜன் வாங்கி, புரோஜெஸ்தரோன் வாங்கி, ஹெர்-2 பெருக்கம் ஆகிய மூன்றும் அற்ற கட்டிகள் 10 முதல் 15 சதவீதத்தினரிற் காணப்படுகின்றன. டமொக்சிபெனோ டிரஸ்டுசுமாப்போ இவர்களுக்குப் பயன் தராது. நீண்ட காலமாக இவர்களுக்குப் பொதுவான இரசாயன சிகிச்சை மட்டுமே இருந்தது. பி.ஆர்.சி.ஏ. விகாரமுடையோருக்கு ஓலபரிப் பயன்படலாம். 2020ஆம் ஆண்டில் சசிற்றுசுமாப் கோவிட்டிகான் என்னும் பிறபொருளெதிரி–மருந்துச் சேர்க்கையும், நிர்ப்பீடனத் தொகுதியைத் தூண்டும் பெம்புரோலிசுமாப்பும் முற்றிய நிலைக்கு அனுமதிக்கப்பட்டன. எனினும் இவ்வகையிலேயே புதிய இலக்குகளுக்கான தேவை இன்றும் மிக அதிகமாக உள்ளது.

5. பயனை எவ்வாறு அளவிடுவது?

புதிய மருந்தொன்றின் பயனை ஒருவரின் அனுபவத்தைக் கொண்டு தீர்மானிக்க முடியாது. கட்டுப்பாட்டுக் குழுவுடன் ஒப்பிட வேண்டும். 2001ஆம் ஆண்டில் வெளியான டிரஸ்டுசுமாப் பரிசோதனையில் ஹெர்-2 மிகையாகக் காணப்பட்ட முற்றிய நோயாளர் 469 பேர் பங்குபற்றினர். அதன் பெறுபேறுகள் வருமாறு.

நோய் மீண்டும் முன்னேறும் வரையிலான காலத்தின் இடையம்:
இரசாயன சிகிச்சை மட்டும் – 4.6 மாதங்கள்
இரசாயன சிகிச்சை + டிரஸ்டுசுமாப் – 7.4 மாதங்கள்

உயிர்வாழ்ந்த காலத்தின் இடையம்:
இரசாயன சிகிச்சை மட்டும் – 20.3 மாதங்கள்
இரசாயன சிகிச்சை + டிரஸ்டுசுமாப் – 25.1 மாதங்கள்

கணிதப் பாடத்திற் கற்ற “இடையம்” இங்கு முக்கியமானது. 25.1 மாதங்கள் என்பதன் பொருள் “எல்லோரும் 25 மாதங்களில் இறந்துவிட்டனர்” என்பதன்று. அரைவாசிப் பேர் அதனிலும் கூடிய காலம் வாழ்ந்தனர் என்பதே. ஆகவே குடும்பத்தில் ஒருவருக்கு இந்நோய் இருப்பின், எங்கோ வாசித்த எண்ணொன்றை அவருக்குக் குறிக்கப்பட்ட நாளாக எண்ணி மனமுடைந்துவிடாதீர்கள்.

ஐந்து மாதங்கள் சிறிய இலாபம் எனச் சிலர் எண்ணலாம். எனினும் அது முதற்படி மட்டுமே. 2015ஆம் ஆண்டில் வெளியான மற்றொரு பரிசோதனையில் ஹெர்-2 வகை முற்றிய நோயாளர் 808 பேர் பங்குபற்றினர். இரசாயன சிகிச்சையுடன் டிரஸ்டுசுமாப் பெற்றோரின் உயிர்வாழ்வுக் காலத்தின் இடையம் 40.8 மாதங்களாக இருந்தது. பெர்ட்டுசுமாப் என்னும் இரண்டாவது பிறபொருளெதிரியையும் சேர்த்துப் பெற்றோரில் அது 56.5 மாதங்களாக உயர்ந்தது. மூத்த பிள்ளை தரம் 7இற் படிக்கும்போது நோய் முற்றியதை அறிந்த தாயொருவருக்கு, அப்பிள்ளை சாதாரண தரப் பரீட்சை எழுதுவதைப் பார்ப்பதற்குப் போதிய காலம் அது. எண்களுக்குப் பின்னால் இருப்பது இதுவே.

6. இலக்கு நோக்கிய சிகிச்சையின் குறைபாடுகள்

அ. எதிர்ப்புத்தன்மை: ஒரு கட்டியிலுள்ள எல்லாக் கலங்களும் ஒத்தவையல்ல. மருந்துக்குத் தாக்குப்பிடிக்கும் விகாரமுடைய சில கலங்கள் எஞ்சிப் பெருகலாம். உதாரணமாக, ஈஸ்திரஜன் இல்லாமலேயே வாங்கி தானாகத் தொழிற்படும் வகையில் விகாரம் ஏற்படலாம். இயற்கைத் தேர்வு உடலினுள்ளேயே நிகழ்வதற்கு இது நல்ல உதாரணமாகும். ஆகையால் அடுத்தடுத்து வழங்குவதற்குப் புதிய மருந்துகள் தேவைப்படுகின்றன.

ஆ. பக்க விளைவுகள்: குறைவு எனினும் இல்லாமலில்லை. மேற்குறித்த 2001ஆம் ஆண்டுப் பரிசோதனையில் அந்திரசைக்கிளின் வகை மருந்துடன் டிரஸ்டுசுமாப்பையும் சேர்த்துப் பெற்றோருள் 27 சதவீதத்தினருக்கு இதயத் தொழிற்பாடு பாதிக்கப்பட்டது. அந்திரசைக்கிளின் வகையுடன் டிரஸ்டுசுமாப்பைப் பெறாதோரில் இது 8 சதவீதமாகும். எனவே முற்றிய நிலையில் இவ்விரண்டையும் ஒரே வேளையில் வழங்குவதை வைத்தியர்கள் தவிர்க்கின்றனர். டிரஸ்டுசுமாப் பெறுவோரின் இதயம் எக்கோ பரிசோதனை மூலம் காலத்துக்குக் காலம் அவதானிக்கப்படும்.

இ. பரிசோதனையின் அவசியம்: இலக்கு இல்லாத கட்டிக்கு மருந்து கொடுத்தாற் பணமும் காலமும் வீணாகும், நோயாளி பக்க விளைவை மட்டும் சுமப்பார். மருந்து எவ்வளவு முக்கியமோ ஆய்வுகூடமும் அவ்வளவு முக்கியமானது. பரவிய இடத்திலுள்ள கலங்களின் வாங்கிகள் முதற் கட்டியிலிருந்து வேறுபடலாம். எனவே இயலுமாயின் மீண்டும் இழைய மாதிரி பெறப்படும்.

ஈ. விலை: புதிய மருந்துகள் மிக விலை உயர்ந்தவை. உலக சுகாதார நிறுவனம் 2015ஆம் ஆண்டில் டிரஸ்டுசுமாப்பைத் தனது அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் சேர்த்தது. 2019ஆம் ஆண்டில் அம்மருந்துக்கு நிகரான, விலை குறைந்த உயிரியல் மருந்தொன்றின் தரத்தை முதற்றடவையாக உறுதிப்படுத்தியது. மருந்து கண்டுபிடிக்கப்பட்டாற் போதாது. அது தேவையானவரின் கைக்கு எட்டவும் வேண்டும்.

7. பொழிப்பு

ஓமோன் வாங்கி உள்ள வகை: இலக்கு – ஈஸ்திரஜன் வாங்கி, அரோமற்றேஸ், சி.டி.கே.-4, 6. மருந்து – டமொக்சிபென், லெட்ரசோல், பல்போசிக்ளிப்.

ஹெர்-2 பெருகிய வகை: இலக்கு – ஹெர்-2 புரதம். மருந்து – டிரஸ்டுசுமாப், பெர்ட்டுசுமாப்.

பி.ஆர்.சி.ஏ. பரம்பரை விகாரம் உள்ளோர்: இலக்கு – பார்ப் நொதியம். மருந்து – ஓலபரிப்.

மூன்றும் அற்ற வகை: இரசாயன சிகிச்சையுடன், தகுந்தவர்களுக்குப் பெம்புரோலிசுமாப், சசிற்றுசுமாப் கோவிட்டிகான், ஓலபரிப் ஆகியன.

8. நினைவிற் கொள்க

• புற்றுநோய் தொற்றுநோயன்று. நோயாளியுடன் ஒன்றாக உண்பதாலோ அவரைத் தொடுவதாலோ அது பரவாது.
• “கத்தி பட்டாற் பரவிவிடும்” என அஞ்சிச் சத்திரசிகிச்சையைத் தள்ளிப்போடுவது தவறு. அவ்வாறு தள்ளிப்போடும் மாதங்களிலேயே நோய் முற்றுகின்றது.
• தொடக்கத்திற் கட்டியில் பெரும்பாலும் வலி இருப்பதில்லை. “வலியில்லை, ஆகவே பயமில்லை” என எண்ணக்கூடாது. மார்பகத்தில் அல்லது அக்குளில் கட்டி, தோலிற் குழி விழுதல், முலைக்காம்பு உள்ளிழுக்கப்படல், குருதிக் கசிவு ஆகியவற்றுள் எது தோன்றினாலும் தாமதியாது வைத்தியரை நாடவேண்டும். எல்லாக் கட்டிகளும் புற்றல்ல. ஆனால் அதனைத் தீர்மானிப்பது பரிசோதனையே.
• இலங்கையில் சுகாதார வைத்திய அதிகாரி அலுவலகங்களின் கீழ் நடைபெறும் சுகவனிதையர் கிளினிக்குகளில் மார்பகப் பரிசோதனை இலவசமாகச் செய்யப்படுகின்றது. வெட்கத்தினாலோ வீட்டு வேலையினாலோ தாய்மார் இதனைப் பிற்போடுவதுண்டு. “அம்மா, ஒருமுறை போய்வாருங்கள்” என்று நீங்கள் கூறும் ஒரு வார்த்தை அவரைக் கிளினிக்குக்கு அனுப்பிவைக்கலாம்.

9. மாதிரி வினாக்களும் விடைகளும்

வினா 1: இரசாயன சிகிச்சை பெறுவோருக்குத் தலைமயிர் உதிர்வதேன்?
விடை: இம்மருந்துகள் விரைவாகப் பிரிவடையும் கலங்களைத் தாக்குகின்றன. மயிர்ப்புடைப்பிலுள்ள கலங்களும் விரைவாகப் பிரிவடைவதால் அவையும் பாதிக்கப்படுகின்றன.

வினா 2: ஒரே வைத்தியசாலையில் மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெறும் இருவருள் ஒருவருக்கு மட்டும் டிரஸ்டுசுமாப் வழங்கப்படுகின்றது. இதற்கான காரணத்தை விளக்குக.
விடை: டிரஸ்டுசுமாப் ஹெர்-2 புரதத்துடன் மட்டும் பொருந்தும் பிறபொருளெதிரியாகும். ஒருவரின் கட்டியில் ஹெர்-2 பெருகியிருப்பதும் மற்றவரின் கட்டியில் அவ்வாறு இல்லாமையும் காரணமாகலாம். இலக்கு இல்லாதவிடத்து இம்மருந்து பயனளிக்காது.

வினா 3: பகுதி 5இலுள்ள தரவுகளைக் கொண்டு, 2001ஆம் ஆண்டுப் பரிசோதனையில் டிரஸ்டுசுமாப் சேர்க்கப்பட்டதனால் நோய் முன்னேறும் வரையிலான இடையக் காலம் எத்தனை சதவீதத்தால் அதிகரித்தது எனக் காண்க.
விடை: அதிகரிப்பு = 7.4 – 4.6 = 2.8 மாதங்கள். சதவீத அதிகரிப்பு = (2.8 ÷ 4.6) × 100 = ஏறத்தாழ 61%.

வினா 4: நோயாளர் 200 பேரில், ஹெர்-2 பெருகிய வகையினர் எத்தனை பேர் இருப்பர் என எதிர்பார்க்கலாம்?
விடை: 15% முதல் 20% வரை எனக் கொண்டால் 30 முதல் 40 பேர்.

வினா 5: “எல்லா நோயாளருக்கும் பொருந்தும் ஒரே மருந்தைக் கண்டுபிடித்தால் முற்றிய மார்பகப் புற்றுநோய்ப் பிரச்சினை தீர்ந்துவிடும்.” இக்கூற்றை ஏற்கிறீர்களா? காரணம் தருக.
விடைக் குறிப்பு: ஏற்கவியலாது. (அ) கட்டிகள் வேறுபட்ட மூலக்கூறுகளாற் தூண்டப்படுகின்றன. (ஆ) ஒரே கட்டியிலும் கலங்கள் வேறுபடுகின்றன. (இ) மருந்தின் முன்னிலையில் எதிர்ப்புத்தன்மையுடைய கலங்கள் தெரிவாகிப் பெருகுகின்றன. எனவே பல இலக்குகளும், அவற்றை இனங்காணும் பரிசோதனைகளும், மாற்று மருந்துகளும் தேவை.

மாணவர்களே, இறுதி வினாவுக்கு விடை எழுதும்போது மூன்று காரணங்களையும் தனித்தனி வாக்கியங்களாக எழுதுங்கள். புள்ளிகள் அவ்வாறே வழங்கப்படும். அத்துடன் வைத்தியசாலையில் உறவினர் ஒருவருடன் துணைக்கு நிற்க நேரிடின், “இது எந்த வகையைச் சேர்ந்தது? வாங்கிப் பரிசோதனை செய்யப்பட்டதா?” எனப் பணிவுடன் வைத்தியரிடம் கேட்பதற்கும் இப்பாடம் உங்களுக்கு உதவட்டும்.